பாலாற்று ஊர்களில் மரம் நடுமுன்

மண் பரிசோதனையைத் தொழிலாகக் கொண்டவர்களிடம் நகரத்தார் கேட்கும் முதல் கேள்வி, "இந்த இடத்துக்கு எந்த மரம் வரும்?" என்பதுதான். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, வாலாஜா என்று பாலாற்றுப் படுகையில் உள்ள ஊர்களில் இந்தக் கேள்வி கொஞ்சம் அவசரமாகவே வரும். அங்கே பள்ளி வளாகத்திலும் சாலையோரத்திலும் வைத்த கன்றுகள் பட்டுப்போய், மறுபடி வைத்து, அவையும் பட்டுப்போன பிறகுதான் மண்ணைப் பற்றிய நினைவு வருகிறது. கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: தாங்கி வளரும் மரத்தைக் கண்டுபிடித்துவிட்டால், அது தழைத்துவிட்டால், மண்ணின் குறை தீர்ந்துவிட்டது என்ற நம்பிக்கை. இந்தத் தொழிலில் நான் கற்றது அதற்கு நேர்மாறானது. ஆலைக் கழிவு பட்ட மண்ணில் ஒரு மரம் பச்சையாக நிற்பது அந்த மண்ணுக்கு நற்சான்று ஆகாது. ஒரு மரம் காய்ந்துபோவதும் மண்ணில் எந்த நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடாது. மண்ணுக்கு உரிய சோதனைகளை மண்ணில்தான் செய்ய வேண்டும். நம் நகரங்கள் மரத்தை எண்ணுகின்றன, காற்றை அளக்கின்றன, தண்ணீரைச் சோதிக்கின்றன. மண்ணை மட்டும் எவரும் கேட்பதில்லை. ஆலைகள் விட்டுச்சென்றதில் பெரும்பகுதி தங்கியிருப்பதோ அந்த மண்ணில்தான்.

பாலாற்று ஊர்களை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அங்கே இரண்டு விதமான கேடுகள் ஒரே மண்ணில் அடுத்தடுத்துக் கிடப்பது. தோல் ஷாப்புக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்கு, வரும் பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பு தடவப்பட்டு வருகிறது. ஊறவைக்கும்போது அந்த உப்பில் பெரும்பகுதி நீரில் இறங்குகிறது. அடுத்து மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும். பிறகு மறுபடி உப்பும் கந்தக அமிலமும். அதன் பின் குரோமியம் சல்பேட். பழைய முறையில் போட்ட குரோமியத்தில் சுமார் அறுபது, எழுபது விழுக்காட்டைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும். மிச்சம் கழிவுநீரோடு போகும். ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் பாலாற்றில் இந்த நீரைக் கரைத்துக் கொண்டுபோக ஓட்டம் இல்லை. வந்தது மணலில் இறங்கி, கிணற்றுக்குப் போய், பாசனமாக மறுபடி நிலத்துக்கு ஏறியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கை மேற்கோள் காட்டியது: தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போய்விட்டது. சுற்றுச்சூழலைக் கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அது முக்கியமானது. விளைநிலத்துக்காவது ஒரு கணக்கு எடுக்கப்பட்டது. அதே ஊர்களின் தெருக்களிலும் பள்ளி மைதானங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் உள்ள மண்ணுக்கு அப்படிப்பட்ட கணக்கு எங்கே இருக்கிறது?

முதலில் உப்பு. உப்பு தன்னை மறைத்துக்கொள்ளாத கேடு. கோடையில் பாத்தி ஓரங்களிலும் மண் மேட்டின் நுனியிலும் வெள்ளையாகப் பூக்கும். இலையிலும் எழுதிக் காட்டும்: முதிர்ந்த இலையின் நுனியில் தொடங்கி, விளிம்பு நெடுக உள்நோக்கிக் கருகிக்கொண்டு வரும், கொழுந்து அப்போதும் பச்சையாக இருக்கும். மாவும் எலுமிச்சையும் இதை முதலில் காட்டும். ஆனால் இந்தக் கருகலை வைத்தே உப்பு என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. சாம்பல்சத்துக் குறைவிலும் முதிர்ந்த இலையின் விளிம்புதான் காய்கிறது. செங்கல் சூளையின் புகை பட்ட மரத்திலும் நுனி கருகுகிறது. சுண்ணாம்பு மிகுந்து காரத்தன்மை ஏறிய மண்ணில் இரும்புச்சத்து கிடைக்காமல் போகும். அங்கே கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இலையைப் பார்த்து நோய் சொல்கிறவர்கள் இவற்றையெல்லாம் "பொல்யூஷன்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். தெருவில் போகும் லாரிப் புகையின் மேல் பழி போய்விடுகிறது. வேருக்குக் கீழே நடப்பதை யாரும் பார்ப்பதில்லை.

உப்பைவிட அது விட்டுச்செல்லும் சோடியம் பொல்லாதது. உப்பு நீரில் கரையும், நல்ல மழை பெய்தால் கீழே இறங்கும். சோடியம் களித்துகளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. மண்ணைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கும் சுண்ணாம்புச்சத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் இது உட்கார்ந்துவிட்டால், மண்ணின் கட்டமைப்பே குலைகிறது. ஈரத்தில் கூழாகும், காய்ந்தால் கல்லாகும். நீரும் காற்றும் உள்ளே போகாது. நம் உழவர்கள் உவர் என்றும் களர் என்றும் பிரித்துப் பேசுவது இதனால்தான். ஆய்வுக்கூடத்தில் செறிவூட்டிய சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமனுக்கு மேல் போனால் உவர். பரிமாற்ற சோடியம் 15 விழுக்காட்டைத் தாண்டி, கார அமில நிலை 8.5க்கு மேல் ஏறினால் களர். தோல் கழிவு பாய்ந்த மண்ணில் இரண்டும் சேர்ந்தே இருக்கக்கூடும். அப்போது வெறும் தண்ணீர் விட்டு உப்பை மட்டும் அலசினால், மிஞ்சிய சோடியம் மண்ணை இன்னும் இறுக்கிவிடும். ஜிப்சம் போட்டு, வடிகால் வெட்டி, நல்ல நீர் பாய்ச்சி அலச வேண்டும். வயலில் இதைச் செய்யலாம். நாலு பக்கமும் சிமென்ட் பூசிய மரக்குழிக்கு வடிகால் எங்கே வெட்டுவது?

நகர மரத்துக்கு உப்பு எப்படிச் சேர்கிறது என்பதை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். தமிழ்நாட்டில் சுத்திகரித்து வெளியே விடும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது வரம்பு. அந்த வரம்புக்குள் அடங்கிய நீரை, சட்டப்படி எந்தக் குற்றமும் இல்லாத நீரை, ஒரு கன்றுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் விடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 42 கிராம் உப்பு இறங்குகிறது. மழை நாட்களைக் கழித்துவிட்டு ஆண்டுக்கு 250 நாள் என்று எடுத்தால், பத்தரைக் கிலோ. மூன்றடிக் குழியில், வடிகால் இல்லாத இடத்தில், ஆண்டுக்குப் பத்தரைக் கிலோ உப்பு. இந்தப் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரே சில இடங்களில் இதைவிட உப்பாக இருப்பதால், டேங்கரில் கொண்டுவந்து ஊற்றுகிற நீரிலும் கணக்கு பெரிதாக மாறாது. மழை அலசிவிடாதா என்று கேட்கலாம். நீர் உள்ளே இறங்குகிற மண்ணாக இருந்தால் ஓரளவு அலசும். சோடியம் ஏறிய களியில் மழைநீர் மேலேயே தேங்கி, ஆவியாகி, உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகும்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள மண்ணை எடுக்கத் தெரிய வேண்டும். மாதிரி எடுப்பதில் தவறு வந்தால், எத்தனை விலை உயர்ந்த கருவியும் அதைத் திருத்தாது. வழக்கமான வளப் பரிசோதனைக்கு மேல் குப்பையை விலக்கி, ஆங்கில ‘வி’ எழுத்து வடிவத்தில் குழி வெட்டி, அரையடி ஆழம் வரை ஓரத்தைச் சீவி எடுப்போம். பல இடங்களில் எடுத்ததைக் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டைத் தள்ளிவிட்டு, அரைக்கிலோ மிஞ்சும் வரை திரும்பத் திரும்பச் செய்வோம். நிழலில் உலர்த்தி, மரக்கட்டையால் தட்டி, இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலிப்போம். குரோமியம் தேடும்போது இந்தப் பழக்கங்களில் சில ஆகாது. துருப்பிடிக்காத எஃகிலேயே குரோமியம் இருக்கிறது. அந்தக் கரண்டியாலோ அரவை எந்திரத்தாலோ மாதிரியைத் தொட்டால் கருவியின் குரோமியமும் கணக்கில் ஏறும். மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன கரண்டி, அரைக்கப் பீங்கான் உரல் என்று மாற வேண்டும். அதைவிட முக்கியமானது உலர்த்துவது. குரோமியத்தின் நச்சு வடிவமான ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தைத் தேடினால், மாதிரியை உலர்த்தவே கூடாது. ஈரத்தோடு குளிரில் வைத்து விரைவில் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்ணில் உள்ள மட்கு அதை மூன்று இணைதிறன் வடிவமாக மாற்றிவிடும்; உள்ளதை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். சாற்றை அமிலமாக்கி டைஃபீனைல் கார்பசைடு கரைசலை விட்டதும், அந்த நஞ்சு இருந்தால் சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம் எழும். மிகச் சிறிய அளவுக்கே எழும். ஆய்வுக்கூடத்தில் கண்ணால் பார்க்க முடிகிற சோதனைகளில் இவ்வளவு துலக்கமானவை சிலவே.

குரோமியம் உப்புக்கு நேர் எதிரான குணம் கொண்டது, தன்னைக் காட்டிக்கொள்ளாது. தோல் பதனிடுவதில் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். மண்ணில் விழுந்ததும் அது நீரில் கரையாத ஹைட்ராக்சைடாகி இரும்போடும் களியோடும் ஒட்டிக்கொள்கிறது. செடி உறிஞ்சினாலும் பெரும்பங்கு வேரிலேயே நின்றுவிடும். இலைக்குச் சிறிதளவே போகும். அதனால் மண்ணில் குரோமியம் கிலோவுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் இருக்கும்போதும் புங்கன் பச்சையாக நிற்கும். சீமைக்கருவேல் நிற்கும், எருக்கு நிற்கும். தென்னையும் நிற்கும்; குளோரைடு தென்னைக்கு வேண்டிய சத்தாகவே இருப்பதால் உப்பைக்கூட அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பாலாற்றங்கரையில் தென்னந்தோப்பு தழைத்திருப்பதைக் காட்டி மண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வாதிடுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தாங்கும் தாவரம் தாங்குகிறது, அவ்வளவுதான். தாங்காதவை ஏற்கெனவே போய்விட்டதால் கண்ணில் படுவதில்லை.

ராணிப்பேட்டையில் இதே உலோகத்தின் இன்னொரு முகம் இருக்கிறது. சிப்காட் வளாகத்தில் குரோமேட் உப்புகள் தயாரித்த ஓர் ஆலை தொண்ணூறுகளின் நடுவில் மூடப்பட்டது. இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்து உலையில் வறுத்து, நீரில் கரைத்து எடுத்தபின் மிஞ்சும் கசடு அது. அதில் பிரிக்கப்படாமல் தங்கிய குரோமேட், ஆறு இணைதிறன் வடிவிலேயே இருக்கும். கசடின் காரத்தன்மையும் மிக அதிகம். கார நிலையில் குரோமேட் களியோடு ஒட்டாது. மழை பெய்யும்போதெல்லாம் கரைந்து மஞ்சளாக இறங்கி நிலத்தடி நீரோடு நகரும். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். மண்ணில் பிடிபடாத நஞ்சு நீரில் எவ்வளவு தூரம் போகும் என்பதை இந்த எண்ணின் சிறுமையிலிருந்து புரிந்துகொள்ளலாம். ஒரே ஊரில் ஒரே உலோகம். ஒரு தெருவில் மண்ணோடு ஒட்டி அசையாமல் கிடக்கிறது, இன்னொரு பக்கம் நீரோடு ஓடுகிறது. மேலே உள்ள செடியைப் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது. மொத்தக் குரோமியம், எளிதில் கரையும் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம் என்று மூன்று எண்கள் கையில் இருந்தால்தான் அந்த மண்ணைப் பற்றிப் பேச முடியும்.

அந்த மூன்று எண்களும் நகரத்தார் கைக்கு வருவதேயில்லை. 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் நல்ல திட்டம். இவ்வளவு உழவர்களுக்கு மண் பரிசோதனையைக் கொண்டுசேர்த்த திட்டம் முன்பு இருந்ததில்லை. அதில் பன்னிரண்டு அளவுகள் இருக்கின்றன: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, மின்கடத்துதிறன், கரிமச்சத்து. குரோமியம் இல்லை, ஈயம் இல்லை, காட்மியம் இல்லை, பரிமாற்ற சோடியமும் இல்லை. அந்த அட்டை பயிருக்கு என்ன உரம் இடலாம் என்று சொல்வதற்காக உருவானது. அந்தக் கேள்விக்குச் சரியான விடை தருகிறது. குரோமியக் கழிவு பட்ட மண்ணுக்கும் அது தழைச்சத்து குறைவு, யூரியா இவ்வளவு என்றுதான் எழுதும். அதைக் கையில் வாங்கியவர் மண்ணைச் சோதித்தாயிற்று என்று நிம்மதியாகப் போவார். கேட்காத கேள்விக்கு விடை கிடைக்காது என்பது எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். அட்டையை வாங்குகிறவருக்கு அதை யாரும் சொல்வதில்லை. நகர மரங்களுக்கான தேர்விலும் இதே ஓட்டைதான். எந்த மரம் காற்று மாசைத் தாங்கும் என்று முடிவு செய்ய, 1983இல் சிங், ராவ் என்ற இருவர் வகுத்த குறியீடு நம் நாட்டில் பரவலாகப் பயன்படுகிறது. இலையின் அஸ்கார்பிக் அமிலம், மொத்தப் பச்சையம், இலைச்சாற்றின் கார அமில நிலை, இலையில் உள்ள நீரின் அளவு ஆகிய நான்கையும் ஒரு சூத்திரத்தில் வைத்து எண் எடுப்பார்கள். நான்கும் இலையைப் பற்றியவை. அந்தப் பட்டியலில் முதலிடம் பெற்ற மரத்தை வாங்கிவந்து களர் மண்ணில் நட்டால், இலை புகையைத் தாங்கவேண்டிய தேவையே எழாது. அதற்கு முன்பே வேர் அழுகிவிடும்.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது, காலம் மாறிவிட்டது என்பது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன, கழிவுநீரை வெளியே விடாத முறை வந்துவிட்டது, குரோமியத்தை மீட்டெடுக்கும் அமைப்புகளும் உள்ளன; பழைய கதையை ஏன் கிளற வேண்டும் என்று கேட்கிறார்கள். மாற்றம் உண்மை, அதைச் செய்தவர்களின் உழைப்பையும் செலவையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீரும் மண்ணும் ஒரே வேகத்தில் திருந்துவதில்லை. குழாயை மூடினால் ஆற்றில் வரும் கழிவு மறுநாளே குறையும். மண்ணில் ஒட்டிய குரோமியம் தானாகப் போக வழி இல்லை. அது ஒரு தனிமம், மட்கி அழியாது. மேலும் சுத்திகரிப்பு என்பது நஞ்சை நீரிலிருந்து பிரிப்பது. பிரித்தது கசடாகவும் கலப்பு உப்பாகவும் கையில் நிற்கிறது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோவில் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்தச் சாவுகளைச் சொல்லாமல் சுத்திகரிப்பின் வெற்றியைப் பற்றி மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே வேலூர் வட்டாரத் தோல் கழிவு வழக்கில் மறுபடி இழப்பீட்டையும் மீட்பையும் வலியுறுத்த வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் அதற்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. பழைய கதை என்றால் அதற்கு ஏன் புதிய தீர்ப்பு தேவைப்பட்டது?

மூன்று இணைதிறன் குரோமியம் தீங்கற்றது, அதைப் பற்றி ஏன் அச்சமூட்ட வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது. அது எளிதில் கரையாது, இலைக்கு ஏறாது, ஆறு இணைதிறன் வடிவத்தோடு ஒப்பிட்டால் நச்சுத்தன்மை மிகக் குறைவு. கீரையில் ஏறும் குரோமியத்தைவிட, எளிதில் இலைக்கு நகரும் காட்மியத்தைப் பற்றித்தான் உணவில் நான் அதிகம் கவலைப்படுவேன்; காட்மியம் ஏறிய கீரை வாடாது, சுவையும் மாறாது. ஆனால் மண்ணில் வேதியியல் ஒரே நிலையில் நிற்பதில்லை. மாங்கனீசு ஆக்சைடு உள்ள மண்ணில் மூன்று இணைதிறன் குரோமியத்தில் ஒரு சிறு பங்கு ஆறு இணைதிறனுக்கு ஏறக்கூடும். தோல் துண்டுகளை எரித்தால், அதுவும் சுண்ணாம்போடு சேர்த்துச் சூடேற்றினால், அந்த மாற்றம் இன்னும் எளிது. எங்கே எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் கொள்கையளவில் சொல்ல முடியாது, சோதித்துத்தான் சொல்ல முடியும். தீங்கற்றது என்று நம்புகிறவர்களுக்கே அந்தச் சோதனை என்னைவிட அதிகமாகத் தேவை.

குரோமியம் இயற்கையிலேயே மண்ணில் இருப்பதுதானே என்ற கேள்வியும் வரும். இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் குரோமைட் தாதுவே உண்டு. சேலத்துச் சுண்ணாம்புக்கரட்டுப் பக்கத்து மண்ணில் எந்த ஆலையும் இல்லாமலேயே குரோமியம் கூடுதலாக இருக்கலாம். அதனால்தான் கழிவு பட்ட இடத்தின் மாதிரியோடு, அதே பாறையிலிருந்து உண்டான, கழிவு படாத மண்ணின் மாதிரியையும் எடுத்து ஒப்பிட வேண்டும். ஆழத்தையும் பார்க்க வேண்டும். பாறையிலிருந்து வந்த குரோமியம் கீழே போகப் போகக் குறைந்துவிடாது. மேலிருந்து வந்த கழிவு மேல்மண்ணில் குவிந்து, ஆழத்தில் படிப்படியாகக் குறையும். இந்த ஒப்பீடு இல்லாமல் ஒரே ஒரு எண்ணைக் காட்டி ஊரைக் கலங்கவைப்பதும் தவறு, ஊரைத் தேற்றுவதும் தவறு.

மரத்தை நம்புகிறவர்கள் சொல்லும் மறுப்புக்கு நான் அதிக நேரம் கொடுக்க விரும்புகிறேன், ஏனென்றால் அவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள்: செடிகளே மண்ணைச் சுத்தம் செய்துவிடும், வெட்டிவேரும் சூரியகாந்தியும் போட்டால் நஞ்சை உறிஞ்சிவிடும் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் மேல் அரையடி மண்ணின் எடை சுமார் எட்டு லட்சம் கிலோ. கிலோவுக்கு 500 மில்லிகிராம் குரோமியம் கூடுதலாக இருந்தால் ஏக்கருக்கு 400 கிலோ குரோமியம். ஆண்டுக்கு எட்டு டன் உலர்ந்த பயிரை அறுத்து வெளியே கொண்டுபோகிறோம், அதில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் ஏறியிருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு வெளியேறுவது 400 கிராம். முழுக்க எடுக்க ஆயிரம் ஆண்டு. பத்து மடங்கு உறிஞ்சும் செடி கிடைத்தாலும் நூறு ஆண்டு. அறுத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற கேள்வி ஒவ்வோர் அறுவடையிலும் எழும். மரம் செய்யக்கூடிய வேலை வேறு. வேரால் மண்ணைப் பிடித்து வைக்கும், தூசி பறக்காமல் காக்கும், தன் இலைச்சருகால் மட்கைக் கூட்டும். அந்த மட்கு ஆறு இணைதிறன் குரோமியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்றுக்கு இறக்கும். கேட்டை இருந்த இடத்திலேயே கட்டிவைக்கிற வேலை அது, மதிப்புள்ள வேலை. அதைச் சுத்திகரிப்பு என்று கணக்கில் எழுதி, அந்த இடத்தில் காய்கறித் தோட்டமோ குழந்தைகள் பூங்காவோ அமைத்துவிடும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. பூங்காவில் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போவது இலை அல்ல, மண்.

குழியில் செம்மண் நிரப்பி நட்டால் போதும் என்பது ஒப்பந்தக்காரர்களிடமும் நகராட்சியிலும் நிலைத்துவிட்ட வழக்கம். கன்று பிழைக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் மரத்தின் வேர் குழியின் எல்லையோடு நிற்காது. இரண்டு மூன்று ஆண்டில் வேர் செம்மண்ணைத் தாண்டிப் பழைய மண்ணுக்குள் போகும். அதற்கு முன்பே சுற்றியுள்ள மண்ணின் உப்பு ஈரத்தோடு குழிக்குள் ஏறத் தொடங்கிவிடும். நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்ற கணக்கு முதலாண்டோடு முடிந்துவிடுவதால், நாலாம் ஆண்டில் உச்சிக்கிளை காய்வது எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை. ஆலை வளாகங்களில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பசுமைப்பட்டையாக இருக்க வேண்டும் என்று அனுமதி நிபந்தனைகளில் வழக்கமாக எழுதுகிறார்கள். பரப்பளவு எழுதப்படுகிறது, சில இடங்களில் மர எண்ணிக்கையும். அந்த மரங்களுக்கு எந்த நீர் பாய்கிறது, ஐந்து ஆண்டில் அந்த மண்ணின் சோடியம் எவ்வளவு ஏறியது என்று அதே நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால், பசுமைப்பட்டையே கழிவுநீரை இறக்கும் இடமாக மாறிவிடாமல் தடுக்கலாம்.

தொழிலாளிகளைப் பற்றிய மறுப்பை நான் மிகுந்த மரியாதையோடு எதிர்கொள்கிறேன். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு தோலிலும் செருப்பிலும்தான் எரிகிறது. பெண்கள் வெளியே வந்து சம்பாதிக்க இந்தத் தொழில் கதவு திறந்தது. மண்ணைச் சோதித்து எண்ணை வெளியிட்டால் தொழில் போய்விடும் என்ற அச்சம் வெறும் முதலாளிகளின் அச்சம் மட்டுமல்ல. ஆனால் ஆலையைச் சுற்றி, கொல்லை மண்ணில் முருங்கையும் கீரையும் போட்டு, அதே நீரைக் குடித்து வாழ்கிறவர்களும் அந்தத் தொழிலாளிகள்தான். அவர்களிடம் அவர்கள் மண்ணின் கணக்கை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் உதவி ஆகாது. சோதனை எந்த ஆலையையும் மூடச் சொல்லாது. எந்தக் கொல்லையில் கீரை போடலாம், எங்கே கூடாது, எங்கே மண்ணை மாற்ற வேண்டும், எங்கே புங்கனும் வேம்பும் வைத்தாலே போதும் என்று மட்டும் சொல்லும்.

மாசுபட்ட இடங்களை மேலாண்மை செய்வதற்கென்று 2025இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்திருப்பது நல்ல தொடக்கம். ஆனால் அவை மாசு இருக்கக்கூடும் என்று சந்தேகப்படும் இடத்தை அடையாளம் காட்டி, ஆராய்ந்து, பிறகு மீட்பது என்ற வரிசையில் போகின்றன. குவியலாகக் கிடக்கும் கழிவு அந்த வலையில் விழும். தெருவோர மரக்குழியும், பள்ளிக்கூடத்து மைதானமும், மூடிய தோல் ஷாப்பின் இடத்தில் போடப்பட்ட வீட்டுமனையும் விழுமா என்பது உள்ளூரில் யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதில் மிக அவசரமானது வீட்டுமனை. ராணிப்பேட்டை, ஆம்பூர் மட்டுமல்ல, சென்னைப் புறநகரான பல்லாவரம் நாகல்கேணியிலும் தோல் பதனிடும் பகுதி குடியிருப்புகளால் சூழப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட ஊர்களில் நிலத்தின் விலை ஏற ஏற, பழைய ஆலை நிலங்கள் மனைகளாக மாறும். அப்படி நிலப் பயன்பாட்டை மாற்றும் விண்ணப்பத்தோடு, மேல்மண்ணிலும் மூன்றடி ஆழத்திலும் எடுத்த மாதிரிகளின் மின்கடத்துதிறன், பரிமாற்ற சோடியம், மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம், ஈயம், காட்மியம் ஆகிய ஆறு எண்களைக் கேட்டால் போதும். ஒரு மனையின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் சோதனைச் செலவு ஒரு பொருட்டே அல்ல. நகராட்சிகளுக்கும் இதே பட்டியலைச் சிறிதாக்கித் தரலாம்: மரம் நடும் திட்டத்தின் மதிப்பீட்டில் கன்று, கூண்டு, செம்மண், தண்ணீர் என்று எழுதும் வரிசையில் மண் பரிசோதனைக்கும் பாசன நீர்ப் பரிசோதனைக்கும் ஒரு வரி. மூன்றாம் ஆண்டில் அதே குழிகளில் மறுபடி ஒரு மாதிரி. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எந்த மரம் வரும் என்று கேட்டால், எங்களால் பொறுப்போடு பதில் சொல்ல முடியும்.